நாலுல ஒண்ணு

…எலிக்கு இப்படித்தான் ஆச்சுன்னு ஆரம்பிக்கறதா, வேண்டாம், எலின்னாலே அக்கா பயந்துக்கும், ஆனா எலியை விட்டுட்டு எதைச் சொல்றது, பெங்களூர்ல ரெண்டு வருசமா நந்தகுமார் பார்த்ததெல்லாம் எலிதானே… எடப்பாடி பஸ்ஸு சேலத்தைத் தாண்டறதுக்குள்ள அக்காவுக்கு அனுப்பற மெசேஜை மூணு தடவை போன்ல பேசிப் பேசி எழுத வச்சான், மூணு தடவையும் அழிச்சான். கூப்பிட்டுச் சொல்லலாம்னா தறிச் சத்தத்துல கலைமணி அக்காவுக்கு ஒண்ணும் கேக்காது, எழுத்துல வந்தாத்தான் தறியை நிறுத்தி நூல் மாத்தற நேரத்துல படிக்கும். நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. வயித்துல இருக்கற மூணு மாசக் கருவுக்கு டெஸ்ட்டு எடுக்கறதா வேண்டாமா, தம்பி சொல்லட்டும்னு அக்காவும் ஆனந்தகுமார் மாமாவும் உக்காந்திருக்காங்க. ஏன் இவன்? லேப்ல தீனி போட்டு, கூண்டு கழுவி, குட்டி எண்ணி எழுதறவன், டாக்டரா? ஆனா அக்கா மக பிரீத்தியோட வலிப்பு ரிப்போர்ட்ல அந்த ஜீன் பேரைப் பார்த்ததும் இவன்தானே வாயை விட்டான், எங்க லேப்ல கூண்டு மேல தினம் ஒட்டற அதே பேருன்னு…

போனை வாய்கிட்ட வச்சான். அக்கா, மூளைல ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து, அந்தச் சந்துல 'போதும், நிறுத்து'ங்கற சேதியை வாங்கறதுக்கு ஒரு புரதம் வேணும், அதைச் செய்யறதுதான் இந்த ஜீனு, ஊடை நூல் அறுந்தா தறி தானா நிக்குமில்ல, நிக்காம ஓடுனா என்னாகும், அதான் வலிப்பு, அந்த ஜீனை எடுத்துட்ட எலிக்கும்… பக்கத்து சீட்டுல கோழித்தீவனப் பையை மடில வச்சிருந்தவரு திரும்பினாரு. "ஏனுங்க தம்பி, எலிக்கெல்லாமா வலிப்பு வருது? எங்கூட்டு எலி நல்லா ஓடுதுங்களே, வேணும்னா ரெண்டு புடிச்சுத் தரட்டுங்களா?" முன் சீட்டுல ஒரு பொண்ணு களுக்குன்னு சிரிச்சுது. இவனும் சிரிச்சான், வாய் மட்டுந்தான். துடிக்கறதுக்கு முன்னாடி அந்த எலிக் குட்டிங்க அசையாம நிக்கும், ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டு… மொத மாசம் பூரா நோட்டுல 'அமைதி'ன்னு எழுதினான், லேப் மேடம் திட்டினப்பறந்தான் அதுவும் வலிப்புன்னு தெரிஞ்சுது. பிரீத்தியும் சோத்துல கை வச்சபடி நின்னுக்குமே, பாப்பா யோசிக்குது பாருன்னு எல்லாரும் சிரிச்சமே, இவன் வீடியோ வேற எடுத்தானே… சொந்தம் விட்டுப் போகக்கூடாதுன்னு அம்மாவோட தம்பிக்கே அக்காவைக் கட்டுனாங்க, பந்தியில எலை போட்டது இவன். ஒரே ரத்தத்துல இருந்து அந்தப் பழுது ரெண்டு பேருக்கும் வந்திருக்குது, ஆளுக்கு ஒரு பக்கம் பழுது, ஒரு பக்கம் நல்லது, அதனால அவங்களுக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு பக்கமும் பழுதாவே வர்றது நாலுல ஒரு குட்டிக்குத்தான்… குட்டிக்கா? குழந்தைக்கு. வாயில என்ன வருது பாரு.

கொங்கணாபுரம் வர்றப்ப எலிக் குட்டிங்க கதையையும் சேர்த்தே கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிட்டான், கடைசி வரி மட்டும் புதுசு. நாலுல ஒண்ணு அக்கா, டெஸ்ட்டு எடுத்துரு. அக்கா படிச்சிருச்சு. எழுதுது, நிக்குது, மறுபடியும் எழுதுது… அழுவுதோ? மாமாகிட்டக் காட்டுதோ? வந்துச்சு. "சரிடா சாமி, எடுக்கறேன். அந்தக் குட்டிகளைப் பெத்த எலி என்னாச்சு, அதைச் சொல்லவே இல்லியே?" இவன் யோசிச்சான்… குட்டி எத்தனை, எடை எவ்வளவு, எத்தனை துடிச்சுது, எத்தனை செத்துச்சு, கட்டங் கட்டமா கண்ணுக்கு முன்னால வருது, தாய்க்கு அதுல ஒரு நம்பர் மட்டுந்தான். குட்டிகளைப் பிரிச்சதும் அதைத் தூக்கி வேற கூண்டுல விட்டது இவன்தான், இந்தக் கைதான்… அதுக்கப்பறம் அது தின்னுச்சா, தூங்குச்சா, ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தானா?