அடித்துணி

முதல் தையலே அறுபட மறுத்தது. லத்தீபா கத்தரி நுனியைக் கொடுத்து நெம்பினாள். நூல் அசையவில்லை, விரல்தான் கிழிந்தது.

"மௌத்தான பெறகாவது கொஞ்சம் விட்டுக்குடேம்மா" என்று பல்லைக் கடித்தாள்.

விடிகாலையில் கண்மூடிய பக்ருன்னிசா, கூடத்துக் கட்டிலில் பேசாமல் கிடந்தாள். அம்மா பேசாமல் இருந்து மகள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

யுத்தம் எங்கோ நடந்தது. மதுரையில் வெள்ளைத் துணி காணாமல் போயிருந்தது. அண்ணன் சேக் இஸ்மாயில் ஜவுளிக்கடை முதலாளி, வியாபாரிகள் சங்கத்து உபதலைவர் வேறு. சந்தூக்குப் பெட்டியின் மேல் போர்த்தச் சரிகை வைத்த பச்சை வெல்வெட்டைக் காலையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார். உள்ளே உடம்பைச் சுற்ற வேண்டிய கபன் துணிதான் அவர் கடையிலும் இல்லை, ஊரிலும் இல்லை.

"ஊரே திரண்டு வரும் லத்தீபா. நம்ம கவுரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கவுரவத்தச் சுத்தியா அண்ணே அடக்கம் பண்ணப் போறோம்?"

குளிப்பாட்ட வந்திருந்த மாமிதான் வழி சொன்னாள். "பழசுன்னா என்ன, சுத்தமா இருந்தாச் சரி. உங்கம்மா தச்ச ஒட்டுப்போர்வைக்கு அடித்துணி முழுக்க வெள்ளை மல்லுத் துணிதானே? கபனுக்கு வேண்டிய அஞ்சு துணிக்குக் காணாட்டியும் மூணுக்குக் காணும்."

எல்லோரும் லத்தீபாவைப் பார்த்தார்கள். அந்தப் போர்வை அவளுக்கென்று பேசிவைத்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுத் தெருப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்த போர்வை. மேலே ஒட்டியிருந்த ஒவ்வொன்றும் ஒருத்தியின் துணி. தலைப்பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவளின் கல்யாணத் தாவணி. புருஷன் பினாங்கில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட சேதி வந்த அன்று ஒருத்தி கிழித்தெறிந்த சேலை. பக்கத்துச் சந்து செல்லத்தாய் கொடுத்த சுங்குடி முந்தி.

ஒருத்தி தையலும் பக்ருன்னிசாவுக்குப் பிடித்ததில்லை. "இது தையலா, ஆட்டுக்குட்டி நடந்த தடமா?" என்பாள். அவர்கள் வீட்டுக்குப் போனதும் அத்தனையையும் பிரித்து எள்ளளவு தையலாகத் திருப்பிப் போடுவாள். மறுநாள் வந்து, "நம்ம தையல் எம்புட்டு நேர்த்தி!" என்று அவர்கள் தங்களையே மெச்சிக்கொள்வதையும் காட்டிக்கொடுக்காமல் கேட்டுக்கொள்வாள்.

அந்த எள்ளளவுத் தையல்கள்தான் இப்போது லத்தீபாவின் உயிரை வாங்கின.

"இன்னுமா முடியல?" வாசல் திரைக்கு வெளியே அண்ணன் குரல். "அஸர் தொழுகைக்கு முன்னாடி எடுக்கணும். ஹாஜியாருங்கல்லாம் சும்மா நிக்கிறாங்க."

"சும்மா நிக்கிறவுகள ஆளுக்கொரு கத்தரியோட உள்ள வரச் சொல்லுண்ணே."

திரைக்கு அப்பால் இருமல் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் விலகிப்போனது.

மூன்று பக்கமும் பிரிந்துவிட்டது. நான்காவது பக்கத்தின் கடைசி மூலைக்கு வந்தபோது கத்தரி தேவைப்படவில்லை. நீள நீளமாய், கோணல் மாணலாய், தொட்டாலே நெகிழ்கிற தையல். ஏழு வயதில் அவளே தைத்து, ஊசி குத்தி அழுது, பாதியில் போட்டுவிட்டு ஓடிய மூலை. ஊரார் தையலையெல்லாம் பிரித்துப் போட்ட அம்மா இதை மட்டும் தொட்டிருக்கவில்லை.

லத்தீபா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"மாமி, பிரிச்ச வரைக்கும் வெட்டிக்கிட்டா போதாதா?"

மாமி துணியை முழம் போட்டுப் பார்த்தாள். "கால் மூடாதும்மா."

வெளியே வெல்வெட்டின் சரிகை எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்று அண்ணன் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

லத்தீபா நூல் நுனியைப் பிடித்து இழுத்தாள். எங்கும் தடங்காமல், ஒரே இழுப்பில், முழு நூலும் கையோடு வந்துவிட்டது.