சுவரைப் பார்த்துப் பாடும் பெட்டி

சோனியா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு வயதில் தாயை இழந்து, ஊத்துக்கோட்டையில் அப்பா வீட்டில் வளர்ந்தவள். இன்றுதான் முதல்முறையாகத் தாயின் குரலைக் கேட்கப் போகிறாள்.

தாய் சுகிர்தா, என் மனைவி செண்பகத்தின் அக்கா. மணவாள நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அவள் ஒருநாள் பாடிப் பதிவு செய்த கேசட் எங்களிடம் இருந்தது. அவள் இருந்தவரை அடிக்கடி போடுவோம். அவள் போனபின் செண்பகம் அதை ஒளித்து வைத்துவிட்டாள். சொந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எடுத்தாள்.

அதற்காக ஒரு வாரம் அறையைத் தயார் செய்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். ஜெனரேட்டர் அறையின் இரைச்சலை அடக்கச் சுவரெல்லாம் ஃபோம் ஒட்டியிருக்கிறேன். பாட்டுக்கும் அதுவே நல்லது என்று நினைத்து நான்கு சுவரையும் மூடினேன்.

இரண்டு மணிக்கு செண்பகம் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள்.

“இன்னாங்க இது? அக்கா தலைகாணிய வாயில வச்சிக்கினு பாடுற மாதிரி கீது.”

“பழைய டேப்பு, அப்படித்தான்.”

“டேப்பு மேல பழி போடாதீங்க. அந்த ஊட்ல அக்கா எதிர்ல நின்னு பாடுவா. இங்க ரெண்டு டப்பாக்குள்ள மாட்டிக்கினு கீறா.”

அந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். சாதாரண ஸ்பீக்கர் நம்மைப் பார்த்துப் பாடும். இது வேறு வகை. சத்தம் எழுப்பும் கூம்பு முன்னால் ஒன்றே, பின்னால் நான்கு. பாட்டின் பெரும்பங்கு பின்சுவரில் மோதி, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி தாமதித்து நம்மிடம் வரும். அந்தத் தாமதம்தான் பாடுகிறவருக்கு அறையில் நிற்க ஓர் இடம் தருகிறது. அந்தச் சுவரைத்தான் நான் மூடியிருந்தேன். பின்னால் போன பாட்டு திரும்பவே இல்லை.

“எல்லாத்தையும் பிச்சிடலாமா?” என்றேன்.

“அந்த ஊட்ல எதிர்ப்பக்கம் கொடி கட்டியிருந்தேனே. எப்பவும் துணி தொங்கும்.”

அந்த அறை அப்படியே கண்முன் வந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் சுவர். எதிரே கொடி நிறையச் சேலைகள், என் நீலச் சீருடை. திரும்பி வந்த சத்தம் மறுபடி எங்கும் மோதிக் கலகலக்காமல் அந்தத் துணிகள் வாங்கிக்கொண்டன. தெரியாமலே எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. மழைநாளில் ஈரத்துணி வாசத்துக்கு நடுவே டீ குடித்தபடி சுகிர்தா தன் பாட்டைத் தானே கேலி செய்வாள்.

எதிர்ச்சுவர் ஃபோமை விட்டுவிட்டுப் பின்சுவர் ஃபோமைப் பிய்த்தேன். பெயிண்டும் பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

“குடி வந்து ஒரு மாசம் ஆவல! உங்களோட பேஜாரு,” என்றாள் செண்பகம். ஆனாலும் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். பெட்டிகளைச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தோம். போட்டுப் பார்க்க நேரமில்லை. வாசலில் ஆட்டோ நின்றது.

“இன்னா சித்தப்பா, புது ஊட்ட எலி கடிச்ச மாதிரி வச்சிருக்கீங்க?” என்றபடி சோனியா உள்ளே வந்தாள்.

“உக்காரும்மா,” என்று பொத்தானை அழுத்தினேன்.

பாட்டுக்கு முன் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு சுகிர்தாவின் குரல்: “ஏ செண்பகம், பதிவாவுதா? இல்ல, சும்மா கத்திக்கினு கீறனா?”

சோனியா பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவற்றுக்கு நடுவே, உரிந்த சுவரைப் பார்த்தாள். ஏன் அங்கிருந்து வருகிறது என்று விளக்க வாயெடுத்தேன். செண்பகம் என் கையை அழுத்தினாள்.

“பதிவாவுதும்மா,” என்றாள் சோனியா, சுவரிடம்.