ஒச்சம்மாள் சொன்னால்தான் புரியும்

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தப்போன ஓட்டுநரின் கையை அழகுமலை எட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே வெள்ளைத் துணி சுற்றி அவர் மனைவி ஒச்சம்மாள் கிடந்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று இதே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவள்.

"ஊ... உ..." என்றார் அழகுமலை.

"பாத்தியா சித்ரா? மச்சானும் ஊருக்குத்தான் கொண்டுபோகணும்ங்கிறாரு," என்றார் முனீஸ். ஒச்சம்மாளின் தம்பி, சாமளாபுரத்தில் தறி ஓட்டுகிறவர். "உசிலம்பட்டிக்கு விடுப்பா வண்டிய. அக்கா பொறந்த மண்ணுலயே போய்ச் சேரட்டும்."

அழகுமலை கையை விடவில்லை. அவருக்குக் கழுத்து திரும்பாது. தலையாட்ட முயன்றபோது உடம்பு மொத்தமும் அசைந்தது. அது ஆமாவா, இல்லையா? மகள் சித்ராதேவி, கேட்பதற்காக அம்மா பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பிய பிறகுதான் உறைத்தது.

பதினோரு வருடங்களுக்கு முன் நாக்கில் புற்று வந்து, பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். நோய் போனது, திரும்பி வரவே இல்லை. ஆனால் எச்சில் ஊறுவது நின்றுபோனது. பற்கள் போயின. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நாள் முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஆவும் ஊவும் மட்டும்தான் மிஞ்சின. அதை வைத்துக்கொண்டே அவர் பேசுவார், நிறையப் பேசுவார். ஒச்சம்மாளுக்கு மட்டும் புரியும். மளிகைக் கடையில், பஸ்ஸில், டாக்டரிடம் எல்லாம் அவள்தான் எடுத்துச் சொல்வாள். சண்டையிலும் அப்படித்தான். அவர் திட்டி முடித்ததும் பக்கத்து வீட்டு ரங்காத்தாளிடம் திரும்பி, "கேட்டீங்களாக்கா, நான் வாயாடியாம். எங்கப்பன் வளத்த லட்சணமாம்," என்று ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பாள். அவரே சிரித்துவிடுவார். சிரித்தால் புரையேறும். முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே அவளும் சிரிப்பாள்.

கல்யாணமாகி அனுப்பர்பாளையம் போன சித்ரா, போனில் அப்பாவிடம் தனியாகப் பேசியதே இல்லை. "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்று அம்மாவிடம் கேட்பதோடு சரி.

"நேரமாகுது, வண்டிய எடுப்பா," என்றார் முனீஸ்.

"இருங்க மாமா."

சித்ரா அப்பாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். அவர் உதடுகள் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. காலையிலிருந்து அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்தாள். ஒவ்வொரு மிடறும் இறங்கும்வரை காத்திருந்தாள்.

"இப்பச் சொல்லுங்கப்பா. மெதுவா."

"ஊ... உ..."

"ஊருக்கா?"

உடம்பு வேகமாக அசைந்தது. சித்ரா இந்த முறை அவர் கண்களைப் பார்த்தாள். முப்பது வருடத் திருப்பூர் வாசத்தில் வீடு என்ற சொல்லே அந்தக் குடும்பத்தில் ஊடு என்றாகியிருந்தது.

"ஊட்டுக்காப்பா? நம்ம ஊட்டுக்கா?"

அழகுமலை ஓட்டுநரின் கையை விட்டுவிட்டார்.

"அங்க சனமெல்லாம் காத்துக்கிட்டிருக்குமேத்தா," என்றார் முனீஸ்.

"அவங்க இங்க வரட்டும் மாமா. அம்மா இருந்தது இங்கதானே."

முனீஸ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேலம்பாளையம் போப்பா," என்றார்.

வேலம்பாளையம் வீட்டில் ஒச்சம்மாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ரங்காத்தாள் கிண்ணத்தோடு வந்தாள். "கண்ணு, அப்பனுக்கு ரசஞ்சோறு கொழையப் பெசஞ்சிருக்கறன். எறங்குமா? உங்கம்மா எப்புடிக் குடுப்பாளோ, எனக்குத் தெரியலையே சாமி."

"மிக்சில தண்ணியா அடிச்சுத் தாங்க பெரியம்மா. நான் குடுத்துக்கறேன்."

அப்போது அழகுமலை பேசத் தொடங்கினார். பெட்டியைப் பிடித்து நின்றபடி, நிறுத்தாமல், நீளமாக. அழுதுகொண்டிருந்த பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். எல்லோரும் சித்ராவைப் பார்த்தார்கள்.

"என்னத்தா சொல்றாரு? ஏதும் வேணுமாமா?" என்றார் முனீஸ்.

சித்ரா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்மகிட்ட இல்ல மாமா. அம்மாகிட்டப் பேசுறாரு."

ரங்காத்தாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து பெட்டியின் தலைமாட்டில் போட்டாள். அழகுமலை உட்கார்ந்தார். அவர் பேசப் பேச, வாய்க்கு நேரே கண்ணாடியில் ஆவி படிந்து படிந்து மறைந்தது.