நாச்சம்மாள் பெயரில்

ஆடியில் நாச்சம்மாள் பெரியவளானாள். அத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. ஏழாம் வகுப்பில் சன்னலோரம் அவள் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

நூலக அலமாரியின் சாவி ரம்லா டீச்சரிடம் இருந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஊர்ச் சேதி அவள் காதுக்கு எட்டாது. பங்குனிப் பரீட்சைக்கு மட்டும் பெண் வந்தால் போதும், அதுவரை பெயரை அடிக்க வேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் ரத்தினசாமியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

"ஆத்துல புளியைக் கரைக்கறீங்க டீச்சர்," என்றார் அவர். "அவங்கப்பன் தோட்டத்தை உட்டு வெளிய உட மாட்டான்."

பெண்ணின் மனதை அசைக்க டீச்சரிடம் இருந்தவை கதைப் புத்தகங்கள்தாம். நாலாம் வகுப்பில் படிக்கும் தங்கை பழனாத்தாளிடம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறுவர் நாவலைக் கொடுத்தனுப்பினாள். ஆறாம் வகுப்புக்குக் கீழே நாவல் தருவதில்லை என்பதால், பதிவேட்டில் அக்காள் பெயரையே எழுதினாள். முதலில் அனுப்பியது, வெள்ளத்தில் தனியாகப் பரிசல் தள்ளிப் போகும் பெண்ணின் கதை.

"அக்கா என்னடி சொன்னா?"

பழனாத்தாள் ஒற்றைக்காலில் நின்று மற்ற காலைச் சொறிந்தாள். "ஆத்தைத் தாண்டுனது நல்லா இருக்குதாமுங்க. அப்பறம் எதுக்குத் திரும்பி வந்துச்சுன்னு கேட்டுச்சுங்க."

பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை டீச்சர் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து, சர்க்கஸ் கூட்டத்தோடு ஓடிப்போனவளின் கதையை அனுப்பினாள்.

"அதுவும் அழுதுட்டே ஊட்டுக்கு வந்துருச்சாமுங்க. அக்காளுக்குக் கோவமுன்னா கோவம்."

டீச்சருக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. கோபப்படுகிறவள் பரீட்சைக்கு வருவாள். மார்கழி, தை என்று புத்தகங்கள் போயின, வந்தன.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பொள்ளாச்சிக்குப் போகும்போது, கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்டில் சோதனைக்காக எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். புளியமரத்தடியில் ஒருத்தி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றாள். கழுத்தில் தாலி. ஆறு மாத வயிறு.

"டீச்சர்! சௌக்கியமுங்களா?"

"நாச்சம்மா... எப்படி இது?"

"ஓணம் லீவுலயேங்க. இந்தப் பக்கம் மாமன் ஊட்டுக்கே கட்டிக் குடுத்துட்டாங்க."

"நான் குடுத்தனுப்பின புத்தகமெல்லாம்?"

"எந்தப் புஸ்தகமுங்க?" நாச்சம்மாள் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "எம்பட தங்கச்சி வேலையாட்டருக்குது. அது கதைப் பைத்தியமாச்சுங்களே!"

கண்டக்டர் விசில் கொடுத்தார். நாச்சம்மாள் பின் சீட்டில் புருஷனிடம் போய் உட்கார்ந்தாள். டீச்சர் முன்னால் உட்கார்ந்து, பொள்ளாச்சி வரும்வரை திரும்பிப் பார்க்கவேயில்லை.

திங்கட்கிழமை அவளே ஹெட்மாஸ்டரிடம் சொன்னாள். அவர் வருகைப் பதிவேட்டை எடுத்தார். சிவப்பு மையில் நாச்சம்மாள் பெயரை அடித்தார்.

வெள்ளிக்கிழமை பழனாத்தாள் புத்தகத்தோடு வந்தாள். டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்பது வயது. பாவாடையில் இரண்டு இடத்தில் ஒட்டு. அத்தனை கோபமும் இவளுடையது.

"அக்கா என்னடி சொன்னா?" எப்போதும் போலவே கேட்டாள்.

"இனிமேலு, திரும்பி வராத புள்ளை கதையாக் குடுக்கச் சொல்லுச்சுங்க."

டீச்சர் அலமாரியைத் திறந்தாள். அறுபத்திரண்டு புத்தகங்கள், எல்லாம் அவள் படித்தவைதான். விரலை இடமிருந்து வலமாக ஓட்டினாள். திரும்பவும் வலமிருந்து இடமாக. கதைகளில் பையன்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பெண்கள் எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குள் வீடு திரும்பியிருந்தார்கள்.

பழனாத்தாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். பள்ளிக்கூடம் விட மணி அடித்தது. டீச்சர் விரலை எடுக்கவில்லை.