விதைநெல் பெட்டியில் ஒரு வட்டம்

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். இன்னா சொல்லு."

ராத்திரி மணி பதினொன்றரை. பார்த்திபன் அக்கா ஈஸ்வரியின் கட்டிலோரம் குந்தியிருந்தான். பதினேழு வயசுக்காரனுக்குப் பல் தந்தியடித்தது.

"நாளைக்கு நைனா என்னைக் கொன்னுடும்."

"மறுபடியும் கணக்குல பெயிலா?"

"அதவிட பேஜாரு. ஹால்ல ரெண்டாவது சப்வூஃபர் இருக்குதுல்ல... அது நம்ம விதைநெல் பொட்டிக்கா."

ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்.

எல்லாம் அப்பா சடையப்பனின் நாற்காலியால் வந்தது. பொங்கலுக்கு வாங்கிய சவுண்ட் சிஸ்டத்தில் அடிச்சத்தத்துக்கென்று ஒரே ஒரு சப்வூஃபர், டிவிக்குப் பக்கத்தில். அடுக்களை வாசலில் நின்றால் பாட்டு நெஞ்சில் குத்தும், அலமாரியில் டம்ளர்கள் ஆடும். சடையப்பன் நாற்காலியில் மட்டும் அது பக்கத்து ஊர்க் கல்யாணம் மாதிரி கேட்கும். "கொழம்பு கொதிக்கிறதுக்குத்தான் பாட்டா? எனக்கு அடியே இல்லியேடா!" என்று தினமும் புலம்புவார்.

நாற்காலியை இரண்டடி நகர்த்தினால் போதும். ஆனால் அது நகராது. அங்கிருந்து பார்த்தால்தான் ஜன்னல் வழியே மோட்டார் கொட்டகை பல்பு தெரியும். மும்முனை கரண்ட் வந்தால் பல்பு எரியும். எந்த நேரமானாலும் சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் போட ஓடுவார்.

பார்த்திபன் போனில் தேடிப் படித்தான். சுவரில் முட்டித் திரும்பும் சத்தமும் புதிதாக வரும் சத்தமும் நாற்காலிப் பக்கம் ஒன்றையொன்று அமுக்கிவிடுகின்றனவாம். எதிர்ச்சுவரில் இன்னொரு சப்வூஃபர் வைத்தால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடுமாம். கவரைப்பேட்டை பழைய சாமான் கடை சாம்சன், நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து பெரிய ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றித் தந்தான். பெட்டிதான் இல்லை. கனமான பலகை, காற்றுப் புகாத மூடி என்று வீடு முழுக்கத் தேடியவன் கண்ணில் விதைநெல் பெட்டி பட்டது. நெல்லைச் சாக்கில் கொட்டினான். பெட்டியின் பக்கப்பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக அறுத்து ஸ்பீக்கரைப் பொருத்தினான். மேலே ஒரு போர்வையைப் போர்த்தி, சாம்சனுடைய சப்வூஃபர் என்று சொல்லிவிட்டான்.

"இப்பத்தான்டா முதுகுல தட்டுது!" என்று சடையப்பன் ஒரு வாரமாக வருகிறவர் போகிறவரையெல்லாம் அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

நாளை விடிந்தால் அவர் விதைநெல் ஊறப்போட வேண்டும்.

"நெல்லு எங்கடா?"

"என் கட்டிலுக்கடியில."

"எலி?"

"ஒன்னுதான்."

"ஒன்னுதான் இருக்குதா, ஒன்னுதான் பாத்தியா?"

ஹாலிலிருந்து மெதுவாகத் 'தும்' என்று ஓர் அடி வந்து தரையில் ஊர்ந்தது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இருட்டில் சடையப்பன் தன் நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் போர்வைக்குள் ஏதோ கிலுகிலுத்தது.

"இன்னாடா அங்க நின்னுக்கினு? வா. அது இன்னா சத்தம் சொல்லு."

"தெரியல நைனா."

"எனக்குத் தெரியும். விதைப் பொட்டி மூடியில இருக்கிற கொண்டி. முப்பது வருசமா அதத் தொறந்து மூடிக்கினு இருக்கேன். மொத நாளே கண்டுபுடிச்சிட்டேன்."

பார்த்திபன் அப்படியே தரையில் குந்தினான். "அப்ப ஏன் நைனா திட்டல?"

"திட்டினா பயந்துக்கினு கழட்டிடுவியே! ஒரு வாரமாவது கேக்கலாம்னு பாத்தேன்."

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காலையில சாக்க நீதான் தூக்கினு வர்ற. எலி தின்ன நெல்ல உன் சோத்துல புடிச்சிக்கிறேன்."

"பொட்டி, நைனா?"

"அது அங்கியே கெடக்கட்டும். கொண்டிய மட்டும் இறுக்குடா. தாளம் தப்புது."

ஜன்னலுக்கு வெளியே பல்பு எரிந்தது. சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பார்த்திபன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அடி முதுகில் தட்டியது. கூடவே கிலுகிலு. நிஜமாகவே தாளம் தப்பத்தான் செய்தது. ஸ்க்ரூடிரைவர் எடுக்க எழுந்தான்.