வெடிக்கிற வீடு

இப்போதெல்லாம் ஆளுங்களுக்கு ஒரு இடத்தில் குந்தி இருக்கத் தெரியவில்லை. ஈப்போவுக்குப் போனாலும் மோட்டார், தைப்பிங்குக்குப் போனாலும் மோட்டார். என் மாட்டுவண்டிக்கு வழிவிட ஒருத்தனுக்கும் மனசு வராது. சரி, போகிறவன் போய்த் தொலையட்டும். வீட்டையே மோட்டார் மேல் ஏற்றிக்கொண்டு திரிகிறவனை என்ன சொல்ல?

சவரிநாதன் அப்படிப்பட்டவன். முன்னே எங்கள் தோட்டத்துப் புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் காயவைத்தவன். எவனோ கழித்துப்போட்ட லோரியை வாங்கி, மேலே பலகையில் ஒரு அறை கட்டி, பெண்டாட்டி ரோசரியையும் அவள் தையல் மிசினையும் உள்ளே வைத்துவிட்டான். தோட்டம் தோட்டமாகப் போய்த் துணி தைப்பார்கள். சமையலும் தூக்கமும் அதிலேயேதான்.

அந்த லோரி மேடு ஏறினால் வெடிக்கும், துப்பாக்கி சுட்ட மாதிரி. போன வாரம் தோட்டத்து வாசலில் வெடித்ததில் துரையின் குதிரை மிரண்டு, துரை லாலாங் புல்லுக்குள் போய் விழுந்தார். கணக்கெழுதுகிற கிராணி ஓடிவந்து கத்தினார்: "இன்னொரு வெடி கேட்டுச்சுன்னா, இந்த வண்டி எந்தக் காலத்திலயும் கேட்டுக்குள்ள வராது!"

தீபாவளி நெருங்கிவிட்டது. லயத்து வரிசை வீட்டுப் பெண்களின் ரவிக்கையெல்லாம் லோரிக்குள் கிடக்கிறது. வெடி நிற்காவிட்டால் என்ஜினை அணைத்துவிட்டு இழுக்க என்று, தோட்டத்து வாசலுக்கு ஏறுகிற மேட்டடிக்கு என்னை மாட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் போனபோது சவரிநாதன் கையெல்லாம் கரியோடு நின்றான். "பிளக் எல்லாம் தொடச்சுட்டேன், ஒயரையும் மாத்திப் பார்த்துட்டேன். இனி முடியாது. ஈயம் தோண்டுற லம்பத்துக்காரன் வெலைக்குக் கேக்குறான், வித்துட்டு லயத்துக்கே போலாம்."

"அந்த ஒத்த அறைக்கா? நீ போ. நான் என் வீட்ட விட்டு எறங்க மாட்டேன்" என்றாள் ரோசரி.

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருப்பான். கடைக்காரன் எவன் யோக்கியன்?" என்றேன்.

ரோசரி ஒரு கண்ணாடிக் கிளாசில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து வெயிலில் காட்டினாள். அடியில் தண்ணீர் நிற்கவில்லை.

"அப்ப பேசாம மாட்டக் கட்டு. மாடு வெடிக்காது" என்றேன்.

"மாடு வேற மாதிரி வெடிக்கும் அண்ணே, பின்னால நடந்து பாருங்க" என்றாள். சவரிநாதன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவனைக் கைப்பிடியைச் சுழற்றி என்ஜினை ஓடவிடச் சொன்னாள். வெடி பின்னால் புகைக்குழாயில் வரவில்லை; முன்னால், காற்று உள்ளே போகிற வாயிலிருந்து துப்பியது. "பெட்ரோல் பத்தல. எங்கயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போவுது" என்று சொல்லிக்கொண்டே தையல் மிசின் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தாள். கார்பரேட்டருக்கு மேலே குழாய் சேர்கிற மூட்டு ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு மூட்டில் விட்டதும் எண்ணெய் சர்ரென்று உள்ளே போனது. இருமிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று சீராக ஓடியது. எண்ணெய் தீர்ந்ததும் மறுபடி இருமல்.

"இங்கதான்! இதுல என்ன வச்ச?"

சவரிநாதன் தலையைச் சொறிந்தான். "பழைய அட்டை கிழிஞ்சு போச்சு. ரப்பர் ஷீட்ட வெட்டி வச்சேன். நம்ம கையால காயவச்ச நல்ல ஷீட்டு."

தோட்டத்து ஆளுக்கு வாளி ஒழுகினாலும் ரப்பர், கூரை ஒழுகினாலும் ரப்பர். திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், பெட்ரோலில் ஊறி, பழைய வெல்லம் மாதிரி இளகிக் கிடந்தது. பாதியைக் காணோம்.

"பெட்ரோலுக்கு ரப்பர் ஆவாதா?" என்று என்னைக் கேட்டான். எனக்கென்ன தெரியும்?

ரோசரி உள்ளே போய், துணி சுற்றிவந்த கெட்டி அட்டையைக் கொண்டுவந்தாள். ரவிக்கைக் கழுத்து வெட்டுகிற மாதிரியே அந்த மூட்டின் வாயை அளந்து வெட்டி, எண்ணெயில் தோய்த்துக் கொடுத்தாள். அவன் அதை வைத்துத் திருகாணியை முடுக்கினான்.

லோரி மேடு ஏறியது. நான் மாட்டோடு பின்னாலேயே போனேன், எப்படியும் நிற்கும் என்று. உச்சியில் கிராணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார். லோரி அவரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி உள்ளே போயிற்று. சத்தமே இல்லை. கிராணி கையை எடுத்துவிட்டு, போ போ என்று ஆட்டினார்.

லயத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ரோசரி ஜன்னலில் தலையை நீட்டினாள். "அண்ணே, துணி கொண்டாங்க, உங்களுக்கும் ஒரு சட்டை தச்சுத் தாரேன்! அடுத்த மாசமும் இங்கதான் வருவோம்!"

"மொதல்ல அடுத்த மேடு ஏறு, பார்க்கலாம்" என்றேன்.

அட்டையாம், எண்ணெயாம். தைப்பிங் மழையில் ஒரு நாள் நனைந்தால் தெரியும். மாட்டைத் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் நடந்தேன். கீழே வந்து சேருகிறவரை வெடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் நடந்தேன்.