தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில், வேலூர் வெயிலில், ஒருத்தி கம்பளி போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பூங்காவனம் அதற்காகக் கவலைப்படவில்லை. கவலைப்படக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் அவள் புருஷன் கனகராஜ், சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் தோல்கூட இவளைவிடச் சுறுசுறுப்பு என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தான். அவளை பஸ் ஏற்றி அழைத்துவந்தவள் ஓரகத்தி சாவித்திரி, இடுப்பில் தன் ஒன்றரை வயதுப் பெண்ணோடு.

டாக்டரம்மா பூங்காவனத்தின் கழுத்து வீக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரசவம் எத்தனை என்று கேட்டார். மூன்று என்றாள். கடைசிப் பிள்ளைக்கு ஆறு வயது. குளிரும் அசதியும் ஒரு வருஷமாகத்தான். டாக்டரம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை. உடம்பு தன் கழுத்துச் சுரப்பியையே பகையாளி என்று நினைத்துச் சண்டை போடும் நோய் ஒன்று உண்டு, சில பெண்களுக்கு அது பிள்ளை பெற்ற பிறகு தலைகாட்டுகிறது, ஏன் என்று இன்னும் திடமாகத் தெரியவில்லை, அதனால்தான் துருவிக் கேட்கிறேன் என்றார். நடுவில் வேறு கர்ப்பம் உண்டா என்றும் கேட்டார்.

பூங்காவனம் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். சாவித்திரி இடுப்பில் இருந்த பெண் இவள் பெற்றதுதான். பிள்ளையில்லாத ஓரகத்திக்கு, பிறந்த வாரமே முறத்தில் கிடத்தி ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிட்டாள். விற்றவள் அந்தப் பிள்ளையைத் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னால், வாங்கினவளிடம் அது தங்காது என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. பூங்காவனத்துக்கு நோயைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. இல்லை என்று தலையாட்டினாள்.

சாவித்திரி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "நாலுன்னு போட்டுக்கோங்க டாக்டரம்மா. இதுதான் நாலாவது. இது பொறந்து ஆறு மாசத்துலதான் இவ படுத்தா."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். மாத்திரை தருகிறேன், சில மாதத்தில் கம்பளி தேவைப்படாது என்றார். கனகராஜ் இனி வேறு கேலி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் பூங்காவனத்துக்கு அழுகை முட்டியது. இப்படிச் சொல்லிவிட்டாயே அக்கா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று கேட்டாள்.

"நீ எண்ணக் கூடாதுன்னுதானே பேச்சு? நான் எண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் ஆம்பூர் போய்ச் சேரும்வரை பிள்ளையை மடியைவிட்டு இறக்கவேயில்லை.